மேய்ச்சலுக்கு முன் வெட்டிய புல்

பொருளும் எல்லையும்

குதிரை மேயும் நிலத்தில் புல்லை வெட்ட வேண்டிய தேவை, குதிரையின் மேய்ச்சல் இயல்பிலேயே அடங்கியுள்ளது. மாட்டைப் போல நாக்கால் சுழற்றி இழுக்காமல் உதட்டால் தேர்ந்து பல்லால் கடித்து மேயும் விலங்கு ஆதலால், அது தனக்குப் பிடித்த திட்டுகளை நிலத்தோடு ஒட்டக் கடித்துவிட்டு, இலத்தி இடும் இடங்களைத் தொடாமல் விட்டுவிடுகிறது. சில வாரங்களில் ஒரே நிலத்தின் ஒரு பகுதி மொட்டையாகவும் மறுபகுதி முற்றிக் கதிர்விட்ட புதராகவும் மாறிவிடுகின்றன. அந்தப் புதரை வெட்டிச் சமன்செய்வதும், களைகள் விதைவிடுமுன் அவற்றின் தலையைத் தறிப்பதும், அடித்தளிர் எழ வெளிச்சம் தருவதும் மேய்ச்சல் நிலப் பராமரிப்பின் அடிப்படைப் பணிகள்.

இந்த அத்தியாயம் வெட்டும் பணியை விட, வெட்டிய பிறகு நிலத்தில் கிடக்கும் புல்லைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது. வேரோடு நிற்கும் புல்லும், பரப்பிக் காயவைத்த உலர்புல்லும் குதிரைக்கு நல்ல உணவுகள். இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையில், ஈரத்தோடு குவிந்து கிடக்கும் வெட்டுப்புல்தான் ஆபத்தானது. ஆகவே இங்கே கூறப்படும் நெறிகள் அனைத்தும் ஒரே விதிக்கு உட்பட்டவை: வெட்டிய புல் எங்கே போகும் என்பது, அரிவாளையோ இயந்திரத்தையோ நிலத்தில் இறக்குவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இடமும் பருவமும்

இந்நெறிகளை விளக்க இங்கே எடுத்துக்கொள்ளும் இடம் தில்லியின் சரோஜினி நகர்; மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளாலும் துணிச்சந்தையாலும் அறியப்பட்ட பகுதி அது. அதன் வடகிழக்கே சப்தர்ஜங் விமான நிலையத்தின் புல்வெளி விரிந்துகிடக்க, அதற்கும் வடக்கே குதிரைப் பந்தயத் திடலும் ஜெய்ப்பூர் போலோ மைதானமும் அமைந்துள்ளன. 2016 இல் லோக் கல்யாண் மார்க் எனப் பெயர் மாறிய சாலை, அதுவரை ரேஸ் கோர்ஸ் சாலை என்று வழங்கப்பட்டது இந்தத் திடலை ஒட்டியே. குடியிருப்புப் பூங்காக்களில் வெட்டப்படும் புல்லும் குதிரை லாயங்களும் இவ்வாறு சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருப்பதால், வெட்டுப்புல்லைப் பற்றிய அறிவு நிலத்தை உடையவருக்கு மட்டுமன்றி, பூங்காத் தோட்டக்காரருக்கும் குடியிருப்போருக்கும் தேவையாகிறது.

இந்திய வானிலைத் துறையின் சப்தர்ஜங் ஆய்வகம் இப்பகுதிக்கு அருகிலேயே இருப்பது, வெட்டும் நாளைத் தேர்வதற்குக் கிடைத்த வசதியாகும். அங்கு ஆண்டின் சராசரி மழை ஏறத்தாழ 77 சென்டிமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்துவிடுகிறது. பருவமழை தில்லியை அடையும் இயல்பான நாள் ஜூன் 27 என்றும், விலகும் நாள் செப்டம்பர் 25 என்றும் கொள்ளப்படுகின்றன. இந்த மூன்று மாதங்களிலேயே புல் மிக வேகமாக வளர்கிறது. வெட்டிய புல்லைக் காயவைக்க மிகக் கடினமான காலமும் இதுவே. 2024 ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங்கில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய மழைக்கு முந்தைய நாள் வெட்டி விடப்பட்ட புல் உணவாகத் தேறாது; அதை அழுகுபொருளாகக் கருதி அகற்றுவதைத் தவிர வழியில்லை.

பருவமழை விலகிய பின் வரும் அக்டோபர், வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்து அமைவதால் புல் உலர்த்துவதற்கு மிகச் சிறந்த மாதம். டிசம்பர், ஜனவரி மாதங்களின் பனிமூட்டத்தில் நண்பகல் வரை ஈரம் நீங்குவதில்லை என்பதால் அப்போது வெட்டிய புல் மெதுவாகவே காயும். மே, ஜூன் மாதங்களின் அனற்காற்றில் புல் ஒரே நாளில் சருகாகிவிடும். ஆனால் அப்போது வெட்டுவதற்குப் புல் மிகுதியாக இருப்பதில்லை.

குதிரையின் வயிறு

வெட்டுப்புல் ஏன் குதிரைக்கு ஊறு செய்கிறது என்பதை அறிய அதன் செரிமான அமைப்பை அறிதல் வேண்டும். மாடும் ஆடும் அசைபோடும் விலங்குகள். அவற்றின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், உணவு குடலை அடையுமுன்பே அதைச் சிதைத்துவிடுகின்றன. குதிரையின் அமைப்பு இதற்கு நேர்மாறானது. அதன் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் வரை மட்டுமே கொள்ளும் சிறிய பை. நார்ச்சத்தைப் புளிக்கவைத்துச் செரிக்கும் பணி, சிறுகுடலைத் தாண்டிய பின் வரும் குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நடைபெறுகிறது. இதனைப் பின்குடல் நொதித்தல் என்பர்.

இவ்வமைப்பிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. இரைப்பையின் வாயிலில் உள்ள தசைவளையம் ஒருவழிக் கதவாக இறுகியிருப்பதால், உள்ளே சென்ற கெட்ட உணவும் அதிலிருந்து எழும் வாயுவும் மேல்வழியே வெளியேற முடியாது. இரண்டாவது, குதிரையின் உமிழ்நீர் மெல்லும்போது மட்டுமே சுரக்கிறது. நீண்ட புல்லை நெடுநேரம் மெல்லும் குதிரை நாளொன்றுக்கு 35 முதல் 40 லிட்டர் வரை உமிழ்நீர் சுரந்து உணவை நனைத்து விழுங்குகையில், இயந்திரம் பொடிப்பொடியாக நறுக்கிய புல்லை அது மெல்லாமலே வாய்நிறைய விழுங்கிவிடுகிறது. மூன்றாவது, பின்குடலின் நுண்ணுயிர்கள் உணவில் ஏற்படும் திடீர் மாற்றத்தைத் தாங்குவதில்லை. எளிதில் நொதிக்கும் பொருள் ஒரே வேளையில் பெருமளவில் வந்து சேர்ந்தால், அமிலம் பெருகி நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, அவற்றிலிருந்து வெளிப்படும் நச்சுகள் குருதியில் கலக்கின்றன.

இவற்றின் விளைவாகத் தோன்றும் நோய்கள் நான்கு. உணவுக்குழாயில் புல் உருண்டை சிக்கிக்கொள்வது தொண்டை அடைப்பு. குடல் உப்பியோ அடைபட்டோ வயிறு வலிப்பது சூலை. கால்நடை மருத்துவர்கள் இதனைக் கோலிக் என்பர். குளம்புச் சுவருக்கும் அதனுள்ளே உள்ள எலும்புக்கும் நடுவில் பிணைப்பாக அமைந்த மெல்லிய தகடுகள் அழன்று பிரிவது குளம்பு அழற்சி, அதாவது லாமினைட்டிஸ். காற்றில்லாத அழுகற் குவியலில் பெருகும் ஒரு நுண்ணுயிரின் நச்சால் தசைகள் தளர்ந்து செயலிழப்பது பொட்டுலிசம். இவை நான்கும் உயிரைப் பறிக்கக் கூடியவை. நான்கையும் தடுப்பதற்கு ஆகும் உழைப்போ, ஒரு கவைக்கோலும் ஒரு மணி நேரமும் மட்டுமே.

குவியலில் நிகழ்வது

வெட்டப்பட்ட புல் உடனே இறந்துவிடுவதில்லை. அதன் உயிரணுக்கள் இன்னும் சில மணி நேரம் சுவாசித்துக்கொண்டிருப்பதால் வெப்பம் வெளிப்படுகிறது. மெல்லிய பரப்பாகக் கிடக்கும் புல்லில் அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். முழங்கால் உயரக் குவியலில் அது உள்ளேயே தங்கி, நுண்ணுயிர்களின் பெருக்கத்தைத் தூண்டி, புல்லின் சர்க்கரையை அமிலமாகவும் வாயுவாகவும் மாற்றுகிறது. காலையில் குவித்த புல்லின் நடுவே மாலையில் கையை நுழைத்தால் சூடு தெரிவது இதனால்தான். மறுநாள் புளித்த மணமும், சில நாட்களில் வெண்பூஞ்சையும் தோன்றும்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும்: புளிக்கவைத்த தீவனமாகிய ஊறுகாய்ப்புல்லைக் கறவை மாடுகளுக்குக் கொடுப்பது வழக்கமாயிருக்க, குவியலில் புளித்த புல் மட்டும் ஏன் தீது என்பதே அது. ஊறுகாய்ப்புல் என்பது காற்றுப் புகாமல் அழுத்தி மூடப்பட்டு, அமிலத்தன்மை ஒரே சீராக உயர்ந்து, கெடுக்கும் நுண்ணுயிர்கள் ஒடுக்கப்பட்ட தீவனம். திறந்தவெளிக் குவியலிலோ மேற்பரப்பில் காற்றும் நடுவில் காற்றின்மையும் ஒருங்கே நிலவுவதால், பூஞ்சையும் நச்சு நுண்ணுயிர்களும் சேர்ந்தே வளர்கின்றன. அதோடு, மாட்டின் முதல் இரைப்பை ஓரளவு பொறுத்துக்கொள்வதைக் குதிரையின் சிறிய இரைப்பை பொறுத்துக்கொள்வதில்லை.

வட இந்தியக் குதிரைப் படைகளின் பழைய நடைமுறையும் இந்த வேறுபாட்டையே உணர்த்துகிறது. பிரித்தானியர் காலப் படைகளில் குதிரைகளுக்கெனக் ‘கசியாரா’ என்னும் புல்வெட்டிகள் அமர்த்தப்பட்டிருந்தனர். குர்ப்பா என்னும் சிறு களைக்கொத்தியால் அருகம்புல்லை வேர்த்தண்டோடு சுரண்டியெடுத்து, மண்ணை உதறி, கட்டாகக் கட்டிச் சுமந்துவந்து அன்றன்றைக்கே குதிரைக்கு இடுவது அவர்கள் பணி. அதுவும் வெட்டிய புல்லே; ஆனால் அது நீளமாயிருந்தது, குவியலில் வேகவில்லை, வந்த நாளிலேயே தின்று தீர்ந்தது. ஆகவே தீங்கு வெட்டில் இல்லை. பொடியாக நறுக்குவதிலும் குவித்துவைப்பதிலும் காலம் தாழ்த்துவதிலுமே இருக்கிறது.

நிலத்தில் நிற்கும் புல் எது

வெட்டுவதற்கு முன் நிலத்தில் உள்ள புல்லினங்களை இனங்காணுதல் இன்றியமையாதது. தில்லியில் ‘தூப்’ என வழங்கும் அருகம்புல், சரோஜினி நகர் விநாயகர் கோயிலில் தில்லித் தமிழர்கள் இறைவனுக்குச் சாத்தும் அதே புல்தான். மிதிபட்டாலும் ஒட்டக் கடிபட்டாலும் வேர்த்தண்டிலிருந்து மீண்டும் எழும் இயல்பாலும், மெல்லிய தண்டு விரைவில் காய்ந்துவிடும் தன்மையாலும், குதிரை மேய்ச்சலுக்கும் உலர்புல்லுக்கும் இது முதல்தரமானது.

தமிழ்நாட்டு வாசகர்கள் தனியே கருத வேண்டியது கொழுக்கட்டைப்புல். காங்கேயம் வட்டாரத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலிக்குள் வெள்வேல மர நிழலில் மாடுகளை வளர்த்தெடுத்த சிறந்த மேய்ச்சற் புல் இது. வறட்சியைத் தாங்குவதிலும் இதற்கு நிகர் குறைவு. எனினும் இதில் ஆக்சலேட் என்னும் உப்பு மிகுந்திருப்பதால், அது சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொண்டு குதிரையின் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் செய்துவிடுகிறது. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் மாட்டுக்கு இக்குறை பெரிதாக நேர்வதில்லை. இப்புல்லையே மாதக்கணக்கில் தின்னும் குதிரை, தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை இழந்து, முகவெலும்பு வீங்கி, நடை தளர்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ‘பெருந்தலை நோய்’ என அறியப்பட்ட இக்குறைபாடு இத்தகைய புல்நிலங்களிலேயே காணப்பட்டது. எருமைப்புல்லும் நேப்பியர் வகைகளும் இதே எச்சரிக்கைக்கு உரியவை. வெட்டிக் காயவைத்தாலும் ஆக்சலேட் நீங்குவதில்லை என்பதால், இப்புற்களை மட்டுமே உணவாகக் கொள்ளும் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரை மசாலைச் சேர்த்துத் தருவது பொருத்தமாகும். பெயரிலேயே குதிரையைத் தாங்கிய அந்தப் பயறுவகைத் தீவனத்தைக்கூட உலர்ந்த நிலையில், சிறிய அளவில் தொடங்கியே கூட்ட வேண்டும்.

சோளத்தட்டை தனி வகை. இளஞ்சோளத்திலும், வறட்சியில் வாடி மீண்டும் துளிர்த்த சோளத்திலும் சயனைடாக மாறும் பொருள் மிகுந்திருப்பதைத் தமிழ்நாட்டு உழவர்கள் மாடுகளை இழந்தே கற்றுள்ளனர். குதிரை நெடுநாள் பசுஞ்சோளத்தை மேய்ந்தால் சிறுநீர்ப்பை செயலிழந்து பின்கால்கள் தள்ளாடும் நோய் உண்டாகலாம் என்பதால், குதிரை மேயும் நிலத்தில் சோளம் முளைத்திருந்தால் அதை அகற்றிவிடுவதே முறை.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் நிலம் முழுவதையும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்க்க வேண்டும். வேர்நிலையில் குதிரை தானாக ஒதுக்கும் நச்சுச்செடிகள், வெட்டுண்டு வாடியபின் கசப்பு மணம் குறைந்து, நல்ல புல்லோடு கலந்து, தேர்ந்து ஒதுக்க முடியாதவையாக ஆகிவிடுகின்றன. நச்சோ அப்படியே எஞ்சியிருக்கிறது. ஆகவே அவற்றை இயந்திரம் அணுகுமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்கி வேலிக்கு வெளியே கொண்டுசெல்ல வேண்டும். தில்லி நிலங்களில் இவ்வகையில் முதலிடம் பார்த்தீனியத்துக்கு உரியது. மழைக்காலத்தில் வெண்பூக்களோடு பெருகும் இச்செடியை அங்கே கேரட்டுப்புல் என்னும் பொருளில் ‘காஜர் காஸ்’ என்பர். ஊமத்தையும் ஆமணக்கும் தரிசு ஓரங்களில் காணப்படுபவை. சாலை நடுவிலும் பூங்கா ஓரங்களிலும் அழகுக்காக நடப்படும் அரளியோ எல்லாவற்றிலும் கொடியது: பச்சையாயினும் காய்ந்ததாயினும் ஒரு கைப்பிடி இலையே ஒரு குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதுமானது.

அடுத்து, அயற்பொருள்களை அகற்ற வேண்டும். சரோஜினி நகர் உள்ளிட்ட 7 அரசுக் குடியிருப்புகளை மீண்டும் கட்டியெழுப்பும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2016 இல் ஒப்புதல் அளித்தது முதல் இப்பகுதி நெடுங்காலம் கட்டுமானக் களமாக இருந்துவருவதால், கம்பித்துண்டுகளும் ஆணிகளும் சுற்றுப்புறப் புல்லில் கிடப்பது எதிர்பார்க்கத்தக்கதே. ஆகஸ்ட் 15 ஐ ஒட்டித் தில்லியின் வானம் முழுவதும் பட்டங்கள் பறக்கின்றன. அறுந்த மாஞ்சா நூல் புல்லில் சிக்கிக்கொள்கிறது. செயற்கை இழை மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நாடு முழுவதும் தடைசெய்தபோதிலும், அந்நூல் புல்லில் கிடப்பது முற்றாக ஒழியவில்லை. இயந்திரத்தால் துண்டாக்கப்பட்டுப் புல்லோடு விழுங்கப்படும் நூல் குடலைச் சுருக்கி அறுக்கக் கூடியது என்பதால், ஆகஸ்டு வெட்டுக்கு முன் நூல் தேடி நடப்பதைத் தனிப்பணியாகவே கொள்ள வேண்டும். தீபாவளிக்குப் பின் பட்டாசுக் குப்பையைப் பொறுக்குவதும் அவ்வாறே.

மூன்றாவதாக, இலத்தியை அள்ளிவிட வேண்டும். குதிரையின் இலத்தியில் உள்ள வட்டப்புழு முட்டைகள் பொரித்து, அப்புழுக்கள் ஈரப்புல்லில் ஏறி அடுத்த குதிரைக்காகக் காத்திருக்கின்றன. இலத்தியின் மேல் இயந்திரத்தை ஓட்டினால் ஓரிடத்தில் இருந்த புழுக்கள் நிலம் முழுவதும் சிதறிவிடும். வாரத்துக்கு இருமுறை இலத்தியை அகற்றும் வழக்கம் உள்ள நிலத்தில், வெட்டும் நாளின் காலையில் மேலும் ஒருமுறை அள்ளினால் போதுமானது. இலத்தியை உடைத்துப் பரப்பும் முறை, மே, ஜூன் மாதங்களின் கடும் வெயிலில், குதிரைகளைப் பல வாரங்கள் அந்நிலத்தில் விடாமல் வைக்க இயலும்போது மட்டுமே ஏற்புடையது. அப்போது வெயிலே புழுக்களைக் கொன்றுவிடும்.

வெட்டும் முறை

வெட்டும் நாளுக்கு முன் குறைந்தது அடுத்த 3 நாட்களின் வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து, மழையற்ற இடைவெளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பருவமழைக் காலத்திலும் தில்லியில் இத்தகைய இடைவெளிகள் வருவதுண்டு. பனி உலர்ந்தபின், காலை 10 மணியளவில் தொடங்கினால் அன்றைய வெயில் முழுவதும் பயன்படும்.

ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது என்பது பொதுவிதி. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள புல்லை 10 சென்டிமீட்டருக்குக் குறைப்பது இதற்கு எடுத்துக்காட்டு. அருகம்புல் தாழ்வெட்டைத் தாங்கும் என்பதால் படிப்படியாக 7 சென்டிமீட்டர் வரையும் இறங்கலாம். இவ்விதியால் புல்லின் வேர் வலுவிழக்காமல் இருக்கும். வெட்டில் விழும் புல்லும் குறைவாகவே இருக்கும் என்பதால் அது குவியாமல் மெல்லிய தூவலாகப் பரவும். பல வாரம் விட்டு இடுப்பளவு வளர்ந்தபின் ஒரே நாளில் வெட்டுவதைவிட, வளரும் பருவத்தில் 10 அல்லது 12 நாட்களுக்கு ஒருமுறை நுனியைத் தறிப்பது எல்லா வகையிலும் மேலானது.

புல் மிகுதியாக வளர்ந்துவிட்டால் இயந்திரத்தைவிட அரிவாள் சிறந்தது. அது தாளை நீளமாகவே அறுப்பதால், உலர்த்தவும் புரட்டவும் வாரவும் எளிதாகிறது. சுழலும் தகடுகொண்ட புல்வெட்டி இயந்திரத்தைப் பயன்படுத்தினால், ஈரப்புல் தகட்டின் கீழ் ஒட்டி உருண்டைகளாக விழும். அவ்வுருண்டைகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு குவியல் என்பதை மறத்தல் கூடாது.

வெட்டிய பின் மூன்று வழிகள்

*முதல் வழி: நிலத்திலேயே விடுதல்.* வெட்டிய புல்லின் ஊடாக நிற்கும் புல்லின் அடியும் மண்ணும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தூவல் மெல்லியதாக இருந்தால், அதை அப்படியே விட்டுவிடலாம். வெயிலில் அது சருகாகி, மண்ணில் மட்கி உரமாகும். ஆங்காங்கே திரண்டு கிடக்கும் கட்டிகளை மட்டும் வாரியால் இழுத்துக் கலைத்துவிட வேண்டும்.

*இரண்டாம் வழி: உலர்புல்லாக்குதல்.* தாள் நீளமாகவும் அளவு மிகுதியாகவும் இருந்தால் இவ்வழியே சிறந்தது. 100 கிலோ பசும்புல்லில் ஏறத்தாழ 80 கிலோ நீரே. அதை 15 விழுக்காடு ஈரமுள்ள உலர்புல்லாக மாற்றினால் எஞ்சுவது ஏறத்தாழ 23 அல்லது 24 கிலோ. அதாவது ஒவ்வொரு 100 கிலோவிலிருந்தும் 75 லிட்டருக்கு மேற்பட்ட நீர் காற்றில் கலந்தாக வேண்டும் என்பதால், புல்லை ஒரு சாண் உயரத்துக்கு மேல் பரப்பலாகாது. காலையிலும் பிற்பகலிலும் கவைக்கோலால் புரட்டி உதறிவிட வேண்டும். இரவுப் பனியில் நனையாதபடி மாலையில் சிறு வரிசைகளாக வாரி, மறுநாள் பனி உலர்ந்தபின் மீண்டும் விரிக்க வேண்டும்.

உலர்ந்ததா என்பதை அறிய எளிய தேர்வுகள் உள்ளன. ஒரு பிடி புல்லைக் கயிறுபோல முறுக்கினால் அது நொறுங்க வேண்டும். கணுவை நகத்தால் கீறினால் ஈரம் கசியலாகாது. இன்னும் துல்லியமாக அறிய, உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் நறுக்கிய புல்லையும் சிறிது உலர்ந்த உப்பையும் இட்டு ஓரிரு நிமிடம் குலுக்கினால், உப்பு கட்டியாகாமல் உதிரியாகவே இருப்பின் அடுக்கிவைக்கத் தக்க நிலையை எட்டியதாகக் கொள்ளலாம். போராக அடுக்கிய பின்னரும் முதல் இரு வாரங்கள் இரும்புக்கம்பியை நடுவில் செருகிச் சிறிது நேரம் கழித்து எடுத்துத் தொட்டுப் பார்த்து, சூடு தெரிந்தால் போரைப் பிரித்து ஆற்ற வேண்டும். இந்தியாவில் இக்கலைக்கு நீண்ட நிறுவன வரலாறு உண்டு: 1889 இல் அலகாபாத்தில் தொடங்கிய ராணுவப் பண்ணைகள், 2021 மார்ச் 31 அன்று தில்லி கன்டோன்மென்டில் நடந்த நிறைவு விழாவோடு மூடப்படும்வரை, படைவீரர்களுக்குப் பாலும், படையின் விலங்குகளுக்கு உலர்புல் பொதிகளும் அளித்துவந்தன.

*மூன்றாம் வழி: அகற்றி மட்கவைத்தல்.* மழையில் நனைந்தது, இயந்திரத்தில் பொடியாகித் திரண்டது, நச்சுச்செடி கலந்திருக்கலாம் என்ற ஐயத்துக்குரியது ஆகிய அனைத்தும் அன்றைக்கே வேலிக்கு வெளியே செல்ல வேண்டும். எட்டிப்பார்க்கும் குதிரையின் கழுத்துக்கு எட்டாத தொலைவில் குழி அமைத்து, பசும்புல்லை இலத்தியோடும் படுக்கை வைக்கோலோடும் அடுக்கடுக்காக இட்டு, உட்புறம் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும்படி அவ்வப்போது புரட்டினால், களை விதைகளும் புழு முட்டைகளும் அழிந்து நல்ல எரு கிடைக்கும். தோட்டக்கழிவை எரிக்காமலும் தெருவில் கொட்டாமலும் அது உண்டாகும் இடத்திலேயே தனியே சேர்த்துவைக்க வேண்டும் என்பதை 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்துரைத்தன; தில்லியின் குளிர்காலக் காற்றைக் கருதினாலும் எரித்தல் தவிர்க்கப்பட வேண்டியதே.

குதிரையை விடும் நாள்

வெட்டிய நிலத்தில் குதிரையை எப்போது விடலாம் என்பதைக் காலண்டரைக் கொண்டு முடிவுசெய்யாமல், நிலத்தைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும். வெட்டுத் தூவல் பச்சை நிறம் நீங்கிப் பழுப்பாகி, கையில் நொறுங்கி, மண்ணோடு கலக்கத் தொடங்கியிருக்க வேண்டும். வறண்ட வெயிலில் இதற்கு இரண்டு மூன்று நாட்களும், மழைக்காலப் புழுக்கத்தில் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். புதுத்தளிர் எழுந்து புல் 15 சென்டிமீட்டரை எட்டும்வரை காத்திருந்தால், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரங்களில், இரு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறிவிடும். 7 சென்டிமீட்டருக்குக் குறைந்ததும் குதிரையை அடுத்த பிரிவுக்கு மாற்ற வேண்டும். இதற்காகவே நிலத்தைக் குறைந்தது மூன்று பிரிவுகளாகத் தடுத்து, ஒன்றில் மேய்ச்சல், ஒன்றில் வெட்டு, ஒன்றில் ஓய்வு என்று சுழற்றுவது நல்லது.

யூரியா இட்ட நிலத்தில் உரம் மழையில் கரைந்து மண்ணில் இறங்கி இரண்டு மூன்று வாரங்கள் கழியும்வரையும், களைக்கொல்லி தெளித்த நிலத்தில் அதன் உறையில் குறித்த காலம் முடிந்து, செத்த களைகள் அகற்றப்படும்வரையும் குதிரையை விடலாகாது. முதல்நாள் விடும்போது, வழக்கமான உலர்புல்லைத் தின்னக் கொடுத்தபின் ஒரு மணி நேரம் மட்டும் விட்டு, ஒரு வாரத்தில் படிப்படியாக நேரத்தைக் கூட்டுவது பின்குடலின் நுண்ணுயிர்களுக்குப் பழகிக்கொள்ள இடமளிக்கும். குளிர்காலத்தில் பசும் ஓட்ஸோ ரை புல்லோ விதைத்த நிலங்களில், கடுங்குளிர் இரவை அடுத்து வரும் வெயிற்காலைகளில் தாளில் சர்க்கரை தேங்கியிருக்கும் என்பதால், கொழுத்த குதிரைகளையும் முன்பு குளம்பு அழற்சி கண்ட குதிரைகளையும் அங்கே விடாதிருப்பது பாதுகாப்பு.

வெளியிலிருந்து வரும் வெட்டுப்புல்

நகரத்துக் குதிரைகளுக்கு நேரும் பெருந்தீங்கு அன்பினாலேயே நேர்கிறது. பூங்காவில் வெட்டிய புல்லை வீணாக்க மனமில்லாத தோட்டக்காரரும், வேலியோரம் நிற்கும் குதிரைக்கு எதையேனும் தர விரும்பும் குடியிருப்போரும், சாக்கில் அள்ளிவந்த புல்லை மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் கொட்டிவிட்டுச் செல்கின்றனர். அந்தச் சாக்கில் பொடியான புல் உண்டு, சாக்குக்குள்ளேயே ஏறிய சூடு உண்டு, வேலிச்செடியின் அரளி இலை இருக்கலாம், கொசுமருந்தின் எச்சமும் இருக்கலாம். ஆகவே பூங்காப் புல்லை எந்த நிலையிலும் குதிரைக்குத் தரக்கூடாது என்னும் விதியைக் குதிரை உரிமையாளர் உறுதியாகக் கொள்ள வேண்டும். வேலியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும், தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதியாயின் தமிழிலும், காரணத்தோடு கூடிய அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். காரணம் கூறாத தடையைவிட, புல்லால் குதிரை இறக்கக் கூடும் என்று விளக்கும் ஒரு வரி மக்கள் மனத்தில் நிற்கும். அன்போடு வருவோர்க்கு மாற்றுவழி காட்டுவதும் கடமை: வேலிக்கு வெளியே எருக்குழியை அமைத்துச் சாக்கை அங்கே கொட்டச் சொல்லலாம்.

அறிகுறிகளும் முதற்செயலும்

எல்லா முன்னெச்சரிக்கையும் கடந்து குதிரை வெட்டுப்புல்லைத் தின்றுவிட்டால், எஞ்சிய புல்லை உடனே அகற்றி, தின்ற அளவையும் நேரத்தையும் குறித்துவைத்து, அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். நலமுள்ள வளர்ந்த குதிரையின் இதயத் துடிப்பு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையும், உடல்வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரையும் இருக்கும். துடிப்பு 60 ஐத் தாண்டுவது அவசரநிலை.

முன்காலால் நிலத்தைப் பறித்தல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், உருளுதல், வியர்த்தல், இலத்தி இடாமை ஆகியவை சூலையின் குறிகள். மூக்கின் வழியே உமிழ்நீரும் புல்லும் ஒழுகுவதும் கழுத்தை நீட்டி இருமுவதும் தொண்டை அடைப்பைக் காட்டும். குளம்பு சூடாயிருத்தல், எடையைப் பின்கால்களில் சாய்த்து நிற்றல், கடினத் தரையில் நடக்கத் தயங்குதல் ஆகியவை குளம்பு அழற்சியின் குறிகள். இவை தின்ற மறுநாளோ மூன்றாம் நாளோகூடத் தோன்றலாம் என்பதால், ஒருநாள் நலமாயிருந்தது கொண்டு ஆபத்து நீங்கியதாகக் கருதலாகாது. நாக்கு தளர்ந்து, விழுங்க இயலாமல், நடை துவள்வது பொட்டுலிசத்தின் குறி. இதில் ஒவ்வொரு மணி நேரமும் அரியது. மருத்துவர் வரும்வரை தீவனம் எதையும் தராமலும், வாயில் எண்ணெயோ கைமருந்தோ ஊற்றாமலும் இருக்க வேண்டும். விழுங்க இயலாத குதிரைக்கு ஊற்றும் மருந்து நுரையீரலுக்குள் சென்றுவிடும்.

வெட்டும் நாளுக்கான ஒழுங்கு

இதுவரை கூறியவற்றை ஒரு நாளின் வரிசையில் அமைத்தால் அது பின்வருமாறு அமையும்.

1. முந்தைய மாலையில் முன்னறிவிப்பைப் பார்த்து, வெட்டுப்புல் மூன்று வழிகளில் எதற்குரியது என்பதை முடிவுசெய்தல்.
2. குதிரைகளை வேறு பிரிவுக்கு மாற்றி, இடைவேலியைச் சரிபார்த்தல்.
3. நச்சுச்செடி, நூல், கம்பி, இலத்தி ஆகியவற்றை அகற்றுதல்.
4. பனி உலர்ந்தபின், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் வெட்டுதல்.
5. கட்டிகளைக் கலைத்தல், அல்லது பரப்பிப் புரட்டுதல், அல்லது அன்றைக்கே அகற்றுதல்.
6. மாலையில் வேலியோரமும் மர நிழலும் உட்பட நிலம் முழுவதையும் மீண்டும் நடந்து, எங்கும் குவியல் இல்லை என உறுதிசெய்தல்.
7. பழுப்பும் புதுத்தளிரும் ஒருங்கே தெரியும்வரை வாயிலைப் பூட்டிவைத்தல்.

ஆறாவது படியே பெரும்பாலும் விட்டுவிடப்படுவது. வெட்டி முடித்த களைப்பில், மர நிழலில் சேர்த்துவைத்த கடைசிக் குவியல் நாளைக்கு என்று ஒதுக்கப்படுகிறது. வெயில் படாத நிழலில் அது காயவும் மாட்டாது. நிழல் தேடி வரும் குதிரைக்கு முதலில் கிடைப்பதும் அதுவே. அந்தக் குவியலும் வேலியைக் கடந்த பின்னரே அன்றைய வெட்டுவேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.